அண்ணன் என்றால் யாருடைய அண்ணன்?



திருவிழா வேலைகளை ஒரு தாய் தாளில் எழுதி வைக்கிறார். அதில் ஒரு வரி: "அண்ணனைக் கூப்பிட்டுத் தோரணம் கட்டச் சொல்." நன்றாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டார் அந்தத் தாளை இரவல் வாங்கிப் போய்ப் படிக்கிறார்கள். இப்போது அண்ணன் யார்? எழுதிய வீட்டு அண்ணனா, படிக்கிற வீட்டு அண்ணனா? தாப்பாவின் லயத்து வீடுகளில் இப்படி நேர்ந்தால் சிரித்துக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொள்வோம். கணினி கேட்காது. அதற்கு விதி வேண்டும்.

கணினிக் கட்டளைகளில் ஒரு மதிப்புக்கு நாம் இடும் பெயரை 'மாறி' என்பார்கள். ஒரு பெயர் எங்கெங்கே செல்லும் என்பதே அதன் எல்லை. எழுத்துகளைத் தட்டச்சு செய்யவும் திருத்தவும் உதவும் இமேக்ஸ் என்னும் மென்பொருளை, 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ இமேக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார். அதன் கட்டளை மொழியில் படிக்கிற வீட்டு அண்ணன்தான் விதி. பயன்படுத்துபவர் மென்பொருளைத் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

2012இல் வந்த 24ஆம் பதிப்பு, எழுதிய வீட்டு அண்ணன் என்னும் விதியையும் கொண்டு வந்தது. கோப்பின் முதல் வரியில் 'லெக்சிகல் பைண்டிங்' என்று குறித்தால் புதிய விதி, குறிக்காவிட்டால் பழைய விதி என்று அந்தப் பதிப்பில் இருந்தது. பழைய கட்டளைகள் ஏராளமாக இருந்ததால் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

சிக்கல் இங்கேதான். ராபர்ட் சாஸல் தொடக்கநிலை மாணவருக்கு எழுதிய கையேடு, ஓரிடத்தில் இட்ட பெயர் அங்கிருந்து அழைக்கப்படும் கட்டளைகளுக்குள்ளும் செல்லும் என்றது. எழுதியபோது அது உண்மை. புதிய விதியில் அது பிழை.

பொதுவில் 'விலை' 5 என்று கொள்வோம். 'விலையை அச்சிடு' என்று ஒரு கட்டளை இருக்கிறது. வேறோரிடத்தில் விலையைத் தற்காலிகமாக 9 ஆக்கிவிட்டு அந்தக் கட்டளையை அழைக்கிறோம். பழைய விதியில் 9 வரும். புதிய விதியில் 5தான் வரும்.

கையேட்டை நம்பி 9 வரும் என்று காத்திருக்கும் பிள்ளை, 5ஐக் கண்டதும் பக்கத்தைச் சந்தேகிப்பதில்லை. தனக்குக் கணினி வராது என்று முடிவு செய்துவிடுகிறது. அச்சில் வந்தது தவறாக இருக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்களும் நாம்தானே! கையேட்டின் பிற்காலப் பதிப்பு இரு விதிகளையும் தனித்தனியே விளக்குகிறது. ஆனால் பழைய பிரதிகள் எங்கும் போய்விடவில்லை.

ஆகவே பிள்ளை தடுமாறினால், முதலில் கோப்பின் முதல் வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கையேடு எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு. 'டெஃப்வார்' என்ற சொல்லால் முன்கூட்டியே அறிவித்த பெயர், புதிய விதியிலும் பழையபடியே நடக்கும். 'விலை'யை அப்படி அறிவித்திருந்தால் 9தான் வரும்.