ஓடிக் களைக்காத ஒரு சொல்

கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மகனிடமிருந்து ஊருக்கு ஒரு கடிதம் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அதிலே, "நான் ரன் டவுன் ஆக இருக்கிறேன்" என்ற கருத்தில் ஆங்கில வரி ஒன்று. பொருள் சொல்ல முன்வருகிறான் பள்ளி மாணவனாகிய தம்பி. 'ரன்' என்றால் ஓடு. 'டவுன்' என்றால் கீழே. "அண்ணா கீழே ஓடுகிறாராம், அம்மா!" என்கிறான். அயல்வீட்டுப் பெரியவரோ, "மோட்டார் வண்டி மோதி வீழ்த்துவதற்கும் அச்சொற்கள்தாமே!" என்று ஐயுறுகிறார். வீட்டிலே அழுகுரல் எழுகின்றது. மகன் எழுதியதோ, 'உடல் தளர்ந்து களைத்திருக்கிறேன்' என்பது மட்டுமே!

மூன்றே எழுத்துக்களைக் கொண்ட இந்த 'ரன்' என்னும் சொல் பொல்லாதது. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்தது 'செட்' என்னும் சொல். பின்னர் புதிய பதிப்புக்காக 'ரன்' என்பதை ஆராய்ந்த பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவர், அவ்வொரு சொல்லுக்கே ஒன்பது மாதங்களைச் செலவிட்டார். வினைச்சொல்லாக மாத்திரம் அதற்கு 645 பொருள்கள் உள்ளன என்னும் செய்தி 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இத்தனை பொருள்கள் எங்ஙனம் பிறந்தன? பாய்தல், வழிதல் என்னும் கருத்து இச்சொல்லோடு தொன்றுதொட்டு வருவது. இதன் உறவுச் சொல் ஒன்று ஜெர்மன் மொழியில் இன்றும் நீர் ஒழுகுவதையே குறிக்கின்றது. ஆகவே ஆறும் 'ரன்' செய்யும். தடிமன் பிடித்தவன் மூக்கும் 'ரன்' செய்யும். துவைத்த சேலையின் சாயமும் 'ரன்' செய்யும். நிற்காமல் தொடர்வது என்னும் கருத்திலே யந்திரமும் பஸ் வண்டியும் அதையே செய்யும். குதிரையை ஓடச் செய்வதுபோல ஒரு கடையையோ பள்ளிக்கூடத்தையோ இயங்கச் செய்வதும் 'ரன்' ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், ஓடாத இடத்திலும் இச்சொல் உண்டு. கிரிக்கெட் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால், ஆட்டக்காரர் ஓடாமலே நான்கு 'ரன்' கிடைக்கும். 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கிலாந்தின் நோர்தேர்ண் றொக் வங்கியிலிருந்து பணத்தை மீட்க மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றார்கள். ஓடியவர் எவருமிலர், ஆயினும் அதற்கும் பெயர் 'ரன்' தான்! அமெரிக்கர் தேர்தலில் 'ஓடுகிறார்கள்', ஆங்கிலேயரோ 'நிற்கிறார்கள்'. நாமும் தேர்தலில் நிற்பவர்களே.

நமது 'ஓடு' என்னும் சொல்லும் இளைத்ததன்று. ஆறு ஓடும், மணிக்கூடு ஓடும், படம் நூறு நாள் ஓடும், சில வேளைகளில் புத்திதான் ஓடாது. ஆயினும் இரு சொற்களும் எல்லா இடங்களிலும் கைகோத்துச் செல்வதில்லை. நம் மொழியில் மூக்கு ஒழுகும், சாயம் கரையும், கடை நடக்கும். "அவர் ஒரு பள்ளிக்கூடத்தை ஓடினார்" என்று மொழிபெயர்த்த மாணவன் அகராதியைப் பார்த்தவன்தான், வாக்கியத்தைப் பார்க்கவில்லை.

மாணவர்களே, சொல்லைத் தனியே பிடித்து நெட்டுருப் பண்ணாதீர்கள். அது யாருடன் வருகிறது, எதன்மேல் செல்கிறது, பின்னால் எந்தச் சிறு சொல்லை இழுத்து வருகிறது என்று நோக்குங்கள். அகராதியில் முதலாவதாக நிற்கும் பொருளோடு திருப்தியடையாது, வாக்கியத்துக்குப் பொருந்துவதைத் தேடுங்கள். அந்த ஒரு நிமிடப் பொறுமை, பரீட்சையில் புள்ளியைக் காக்கும். சில வேளைகளில் ஒரு தாயின் கண்ணீரையும் தடுக்கும்.