பரிசோதனைக்குப் பணம் உண்டு; கூட்டி வருபவருக்கு?

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. சில வாரங்களுக்குள் ஹைதராபாத், புனே, மும்பையை அடுத்த கல்யாண் ஆகிய மூன்று ஊர்களில் திருநர்களுக்கென்றே நடந்துவந்த மித்ரு கிளினிக்குகள் மூடப்பட்டன. ஹைதராபாத் கிளினிக் 2021இல் தொடங்கியது. மருத்துவரும் ஆலோசகரும் தங்கள் சமூகத்தைச் சேர்ந்தவர்களாகவே இருந்ததால் நம்பி உள்ளே வந்தவர்கள் ஏராளம். ஹார்மோன் சிகிச்சை, மனநல ஆலோசனை, எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. மூன்று இடங்களிலுமாகப் பயன்பெற்றவர்கள் சுமார் 5,000 பேர். ஹைதராபாத் கிளினிக் பிறகு உள்நாட்டு அறக்கட்டளை ஒன்றின் உதவியோடு வேறு பெயரில் திறக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனாலும் இந்த விவகாரத்தை ‘அமெரிக்கா கைவிட்டது’ என்று மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, எதற்காக வருகிறது, எத்தனை காலத்துக்கு வருகிறது, யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பவைதான் பால்புதுமையினர் அமைப்புகளின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

இந்தியாவில் இந்த அமைப்புகளுக்குப் பணம் வந்ததே ஒரு கிருமியின் பெயரால்தான். நாட்டின் வயது வந்தோரில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 சதவிகிதம். 2021இல் எடுக்கப்பட்ட கண்காணிப்புக் கணக்கின்படி, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் அது 3.3 சதவிகிதம், திருநர்களிடம் 3.8 சதவிகிதம். பதினைந்து மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கும் இடத்தில் பணத்தைக் கொட்டியது சரியான முடிவு. அது உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. வாடகைக்கு ஓர் அறையும், நாலு பேர் கூடிப் பேச ஒரு பாயும் கொடுத்து, ஒரு சமூகத்தை அமைப்பாக எழுந்து நிற்கவும் வைத்தது. ஆனால் கிருமியைத் தேடி வந்த பணம் கிருமி அதிகம் இல்லாத இடத்துக்குப் போகவில்லை. பெண்களை நேசிக்கும் பெண்களும் திருநம்பிகளும் ‘அதிக ஆபத்துப் பிரிவு’ என்ற பட்டியலில் வராததால், அவர்களுக்கான அமைப்புகள் பெரும்பாலும் கைக்காசிலும் நண்பர்கள் தரும் நன்கொடையிலுமே காலம் தள்ளுகின்றன. கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிவரும் பெண்ணுக்கு ஓர் இரவு தங்க இடம் கொடுப்பதை எந்த நோய்த் தடுப்புத் திட்டத்தின் படிவத்திலும் எழுத முடியாது.

பட்டியலில் இருப்பவர்களுக்கும் நிலைமை முழுதாக நன்றாக இல்லை. அதைப் புரிந்துகொள்ள பியர் எஜுகேட்டர் என்று களத்தில் அழைக்கப்படுபவரின் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஏறத்தாழ 60 பேர் என்பது கணக்கு. அந்த 60 பேரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனைக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பால்வினை நோய்ப் பரிசோதனைக்கும் வர வேண்டும். இருட்டிய பிறகு பேருந்து நிலையத்தின் பின்பக்கமும் ரயிலடிப் பூங்காவும்தான் இவருக்கு அலுவலகம். அங்கே புதிதாக வந்து நிற்கும் இளைஞன் முதல் நாள் பேசவே மாட்டான். அடுத்த முறை பொய்ப்பெயர் சொல்வான். வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்று சொல்ல இன்னும் சில வாரங்கள் ஆகும். அதற்கும் பிறகுதான் விரலை நீட்டி ஒரு சொட்டு ரத்தம் கொடுக்கச் சம்மதிப்பான். தொற்று இருப்பதாகத் தெரிந்தால் உறுதிப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குக் கூடவே போக வேண்டும், ஓ.பி. சீட்டு வரிசையில் பக்கத்தில் நிற்க வேண்டும்; எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கித் தந்து, அந்த டப்பாவை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் எங்கே வைப்பது என்றும் சொல்லித்தர வேண்டும். மாதாந்திர ரிப்போர்ட்டில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே வரி: பரிசோதனை, ஒன்று. அந்த வரிக்குப் பணம் உண்டு. அதற்கு முன்னால் போன வாரங்களுக்கு இல்லை. இவர் பெறுவதுகூடச் சம்பளம் அல்ல, மதிப்பூதியம்.

இந்த மனிதரை இழப்பதுதான் மானியம் நிற்கும்போது நேரும் பெரிய நஷ்டம். இது 2025இல் புதிதாக நடந்ததும் அல்ல. 2003இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கிய ‘ஆவஹன்’ எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் பெரும் பணத்தோடு வந்து, பத்தாண்டுக்குள் பொறுப்பை அரசுத் திட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. 2010இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கான உலக நிதியத்தின் உதவியோடு வந்த ‘பெஹ்சான்’ 17 மாநிலங்களில் 200 சமூக அமைப்புகளை வளர்க்கும் இலக்கோடு இயங்கியது. பாலியல் நலத்தோடு மனநலம், குடும்பத்தாரிடம் பேசுவது, போலீஸ் தொல்லையில் உதவுவது என்று வாழ்க்கை முழுவதையும் கணக்கில் எடுத்தது. 2015இல் அதுவும் முடிந்தது. ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் மிச்சமுள்ள மருந்தையும் மேஜை நாற்காலியையும் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். ஓர் ஊரில் யார் எங்கே நிற்பார், யாருக்கு எந்த நேரத்தில் போன் செய்யக் கூடாது, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்ற அறிவை அப்படிக் கைமாற்ற முடியாது. அதை வைத்திருந்தவர் வேறு வேலை தேடிப் போகும்போது அதுவும் அவரோடு போய்விடும். அடுத்த திட்டம் வரும்போது புதியவர் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இளைஞனும் மறுபடி பொய்ப்பெயரிலிருந்து தொடங்குவான்.

வெளிநாட்டுப் பணத்துக்கு 2020இல் வந்த சட்டத் திருத்தம் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்கியது. அதுவரை பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று பணத்தை வாங்கி, மாவட்டங்களில் இருக்கும் சின்ன அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும். அந்தப் பகிர்வு இப்போது தடை. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவிகிதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. அந்நியப் பணத்தைக் கண்காணிக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தலைநகரில் கணக்காளரும் வழக்கறிஞரும் வைத்திருக்கும் நிறுவனம் எந்த விதிக்கும் ஈடுகொடுத்துவிடும். மாவட்டத் தலைநகரில் இரண்டு அறையில் நடக்கும் அமைப்பால் முடியாது. களத்துக்கு மிக அருகில் இருப்பவரிடமே பணம் போய்ச் சேராதபடி வழி அடைபட்டுவிட்டது.

‘அரசு மருத்துவமனை எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதே, தனியாக இவர்களுக்கு எதற்குச் செலவு?’ என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தமிழ்நாடு 2008லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. பாலின மாற்று அறுவைச் சிகிச்சையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக்கியது. இவை பெருமைக்குரியவை. ஆனால் மருத்துவமனையைத் திறந்து வைத்தால் மட்டும் நோயாளி வந்துவிட மாட்டார் என்பதை இதே மாநிலம் ஒப்புக்கொண்டு 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையோடு ஊழியர் வீட்டு வாசலுக்கே போகிறார். அதே கொள்கையைத்தான் இங்கேயும் கேட்கிறோம். ஒரே வேறுபாடு, பால்புதுமையினரில் பலரை வீட்டு வாசலில் போய்த் தேட முடியாது. வீட்டுக்குத் தெரியாமல்தானே அவர்கள் வாழ்கிறார்கள்! அவர்களைத் தேட, எங்கே தேடுவது என்று தெரிந்தவர் வேண்டும்.

‘தொண்டு நிறுவனங்கள் பணத்தைச் சுருட்டினால்?’ என்பது அடுத்த கேள்வி. தணிக்கை வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஏதுமில்லை. ஆனால் இப்போதைய கண்காணிப்பு பரிசோதனைகளை மட்டும் எண்ணுகிறது. டார்கெட்டை எட்டியே ஆக வேண்டிய அமைப்பு, எளிதாகக் கிடைப்பவர்களையே திரும்பத் திரும்பப் பரிசோதித்துக் கணக்கைச் சரிக்கட்டும் ஆபத்து அதில் இருக்கிறது. சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், களப்பணியாளர் எத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறார் என்று கேட்கும் தணிக்கைதான் பொய்க்கணக்குக்கு இடம் தராது.

இதையெல்லாம் செய்ய நம்மிடம் பணமில்லை என்று சொல்ல முடியாது. 1992இல் உலக வங்கிக் கடனை நம்பித் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம், 2021-26 காலத்துக்கான ஐந்தாம் கட்டத்தில் 15,471.94 கோடி ரூபாயை மத்திய அரசின் சொந்த நிதியிலிருந்தே பெற்றது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குத் தர வேண்டும் என்ற சட்டம் 2013இலிருந்து இருக்கிறது. பொதுச் சுகாதாரம் அதில் ஏற்கப்பட்ட துறை. ஆகவே மாற வேண்டியது மானியத்தின் நிபந்தனைகள். களப்பணியாளருக்கு மதிப்பூதியத்துக்குப் பதில் மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் வேண்டும். ஒப்பந்தம் குறைந்தது ஐந்தாண்டு நீடிக்க வேண்டும். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஊழியர் சம்பளத்தைத் தாங்கும் இடைக்கால நிதியை மாநில பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும். தொற்று விகிதம் என்னவாக இருந்தாலும் மனநலத்துக்கும் தங்குமிடத்துக்கும் தனிப் பங்கு வைத்தால், திருநம்பிகளும் பெண்களை நேசிக்கும் பெண்களும் நோயாளியாகாமலே உதவி கேட்கலாம். இவை எதுவும் பெரிய செலவு அல்ல. ஒரு களப்பணியாளரைப் பத்தாண்டு அதே ஊரில் வைத்திருக்க ஆகும் செலவு, அவர் போன பிறகு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் அரசு வாழ்நாள் முழுவதும் தரப்போகும் சிகிச்சையோடு ஒப்பிட்டால் குறைவுதான். அடுத்த கட்டத்துக்கான நிதியைத் தீர்மானிப்பவர்கள் மருந்துக்கும் கருவிக்கும் ஒதுக்குவதற்கு முன்பாக, அந்தச் சம்பள வரியை எழுதட்டும்.