குழந்தையின் மூச்சை எந்திரம் எண்ணினால் போதுமா?

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருமும் கைக்குழந்தைக்கு வந்திருப்பது நிமோனியாவா, வெறும் சளியா? கிராம சுகாதார செவிலியரிடம் எக்ஸ்ரே கிடையாது. சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலே வேக மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தக் கணக்குக்கு வலுச் சேர்த்த ஆய்வுகளில் ஒன்று நம் வேலூரில் நடந்தது. சி.எம்.சி. மருத்துவர்கள் தாமஸ் செரியன், டி.ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர் 1988இல் லான்செட் இதழில் அதை வெளியிட்டார்கள். கைக்குழந்தைக்கு 50, சற்றே மூத்த குழந்தைக்கு 40 என்ற அளவைத் தாண்டிய மூச்சும், உள்வாங்கும் நெஞ்சும் நுரையீரல் தொற்றை நன்றாகவே காட்டிக்கொடுத்தன.

ஆனால் எண்ணுவதுதான் பெரும்பாடு. அழுதால் மூச்சு கூடும், காய்ச்சலிலும் ஏறும், நடுவில் குழந்தை நெளிந்தால் கணக்கு போச்சு. பத்து மாதக் குழந்தைக்கு 48 வந்தால் ஆன்டிபயாட்டிக் இல்லை. 51 வந்தால் அமாக்சிசிலின். மூன்று மூச்சில் சிகிச்சையே மாறிவிடுகிறது.

அதனால்தான் கருவிகள் வந்தன. நேரம் காட்டும் டைமர், எண்ணுவதற்கான மணிமாலை, இரண்டு செல்போன் செயலிகள் ஆகிய நான்கையும் கம்போடியா, எத்தியோப்பியா, தெற்கு சூடான், உகாண்டா மருத்துவமனைகளில் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். நிபுணரின் எண்ணிக்கையோடு எதுவும் திருப்தியாக ஒத்துப்போகவில்லை. எண்ணும் வேலையையே எந்திரத்திடம் விடும் அடுத்த தலைமுறைக் கருவிகளை யுனிசெஃபின் 'அரிடா' திட்டம் ஊக்குவித்தது. பிலிப்ஸின் 'சார்ம்' வயிற்றில் பெல்ட்டாகக் கட்டுவது. மாசிமோவின் 'ராட்-ஜி' விரலில் மாட்டுவது, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவையும் சேர்த்துக் காட்டும்.

இவற்றைச் சோதிப்பதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. கருவி 52 என்கிறது, மருத்துவர் 47 என்கிறார். யார் சொல்வது சரி? தேர்ந்த இருவர் ஒரே குழந்தையை எண்ணினாலும் ஒத்துப்போவதில்லை. குழந்தையின் மூச்சே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எனவே வீடியோ எடுத்து, பலர் தனித்தனியே எண்ணிப் பார்க்கிறார்கள். '95 சதவீதத் துல்லியம்' என்று யாராவது விற்க வந்தால், எதனோடு ஒப்பிட்டீர்கள், குழந்தை தூங்கியதா அழுததா, வார்டிலா கிராமத்திலா என்று கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வாங்கும் பணத்துக்கு ஆக்சிஜன் அளவும் தெரிய வேண்டும். வேக மூச்சு சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆக்சிஜன் குறைந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. 2019இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 7.4 லட்சம் குழந்தைகளை நிமோனியா கொன்றது.

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். குழந்தை மூச்சு வாங்கினாலோ, விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.