சர்வரை மீண்டும் துவக்கியபின் காணாமற்போகும் வட்டு

புனே நகரின் கிழக்குப் பகுதியில், மூளா-முட்டா ஆற்றை அடுத்துள்ள கராடி, ஒரு தலைமுறைக்கு முன்வரை வயல்கள் சூழ்ந்த கிராமமாகவே இருந்தது. இன்று அங்கே இயான் பூங்கா முதலிய பெருங்கட்டடங்களில் கணினித் தொழில் நடைபெறுகிறது. பரம் 8000 என்னும் சூப்பர் கணினியை 1991 ஆம் ஆண்டில் ஆக்கிய சி-டாக் நிறுவனமும் புனேயிலேயே உள்ளது. இத்தகைய இடங்களில் சர்வர்களைப் பராமரிப்போர் என்றேனும் ஒருநாள் சந்திக்க நேரும் இடர் ஒன்றுண்டு. சர்வரை நிறுத்தி மீண்டும் துவக்கியதும், அதில் ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் யந்திரம் எழ மறுக்கிறது. அதன் வட்டு காணப்படவில்லை என்ற செய்தி திரையில் தோன்றுகிறது.

மெய்நிகர் யந்திரம் என்பது ஓர் உண்மைக் கணினியினுள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினியாகும். இக்கருத்து புதியதன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1972 ஆம் ஆண்டிலேயே இதனைத் தன் பெருங்கணினிகளில் வழங்கிற்று. இவ்யந்திரம் தன் வட்டென்று கருதுவது, பெரும்பாலும், புறத்தேயுள்ள சர்வரில் வைக்கப்பட்ட ஒரு பெரிய கோப்பேயாகும். ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவேடோ, ஒரு மாவட்டத்தின் மண் பரிசோதனை முடிவுகளோ முழுவதும் அவ்வொரு கோப்பினுள் அடங்கியிருத்தல் கூடும்.

பெரும்பாலான நேர்வுகளில் கோப்பு அழிவதில்லை. அது இருக்கும் சேமிப்பகமே இணைக்கப்படாமல் நிற்கிறது. லினக்ஸ் முறையில் ஒவ்வொரு சேமிப்பகமும் ஒரு வெற்று அடைவின்மீது இணைக்கப்படுகிறது. இணைப்பு நிகழாவிடில் அடைவு மட்டும் அதே பெயருடன், உள்ளே ஒன்றுமின்றிக் காணப்படும். களஞ்சியத்தின் பெயர்ப்பலகையை வெற்று அறையொன்றின் வாயிலில் மாட்டியதைப் போன்றது இது. பதற்றமுற்ற ஊழியர் அங்கே அதே பெயரில் புதிய வட்டு ஒன்றை ஆக்கிவிடுவாராயின் தீங்கு இருமடங்காகும். அடுத்த முறை உண்மைச் சேமிப்பகம் இணையும்போது, இடைக்காலத்தில் எழுதப்பட்ட பதிவுகள் அதன் அடியில் மறைந்துபோகும். பழைய பதிவுகள் ஓரிடத்தும் புதியவை வேறிடத்துமாகப் பிரிந்து கிடக்கும். ஆதலின், இணைக்கப்பட்டவை எவை என்று பார்த்தறிவதற்கு முன் எதனையும் ஆக்கலாகாது, வடிவமைக்கலாகாது.

இணையாமைக்குக் காரணங்கள் பல. பிணையத்தின் வழியே வரும் சேமிப்பகத்தை, பிணையம் எழுமுன்னரே சர்வர் தேடியிருக்கலாம். வட்டுகளுக்கு லினக்ஸ் இடும் எழுத்துப் பெயர்கள் அவை கண்டறியப்படும் வரிசையைச் சார்ந்தவை, நேற்று 'எஸ்.டி.பி.' எனப்பட்டது இன்று 'எஸ்.டி.சி.' ஆகலாம். இதனாலேயே மாறாத அடையாள எண்ணைக் கொண்டு வட்டினைக் குறித்தல் வேண்டும். வி.எம்.வேர் முறையில், சேமிப்பகம் வேறு அடையாளத்துடன் தோன்றினால் அதனைப் பிரதியென ஐயுற்று ஏற்காது விடுதலும் உண்டு.

இதனினும் விந்தையான நேர்வு ஒன்று கருதத்தக்கது. யூனிக்ஸ் வழிவந்த முறைகளில், ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பினை ஒருவர் நீக்கினாலும், நீங்குவது பெயர் மட்டுமே. உள்ளடக்கம் அந்நிரல் மூடும்வரை வட்டில் இருக்கும். ஆகவே, சில வாரங்களுக்கு முன் தவறுதலாக நீக்கப்பட்ட வட்டுக்கோப்பின்மீது மெய்நிகர் யந்திரம் யாதொரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கலாம். சர்வரை நிறுத்திய கணத்திலேதான் கோப்பு உண்மையில் மறைகிறது. குற்றம் மறுதுவக்கத்தின்மீது சுமத்தப்படுகிறது. அதுவோ செய்தி கொணர்ந்தவன் மட்டுமே. நிறுத்துவதற்கு முன் திறந்த கோப்புகளைப் பட்டியலிட்டால் அதன் எதிரே நீக்கப்பட்டதென்ற குறிப்பு காணப்படும். யந்திரத்தினுள் எழுதுதலை நிறுத்திவிட்டு அப்பொழுதே படியெடுத்தல் எளிது. பின்னரோ, அச்சேமிப்பகத்தில் எதுவும் எழுதாமல் நிறுத்தி, முழுவதையும் வேறிடத்தில் படியெடுத்து, அப்படியில் தேடுதல் ஒன்றே வழி, வெற்றி உறுதியன்று.

ஓடும் யந்திரத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டு, நிலையான அமைப்பில் பதியப்படாத வட்டும் இவ்வாறே மறையும். அதன் கோப்பு பத்திரமாகவே இருக்கும். மீண்டும் சேர்த்தால் போதும். வாடகைச் சர்வர்களில் அளிக்கப்படும் தற்காலிக வட்டு வேறு வகையினது. அமேசான் முறையில் அது மறுதுவக்கத்தில் நிலைக்கும். யந்திரத்தை நிறுத்திப் பின்னர்த் தொடங்கினால் உள்ளடக்கம் அழியும்.

உண்மையான இழப்பு அரிது எனினும் இல்லாததன்று. 2015 ஆம் ஆண்டு ஆகஸ்டு 13 ஆம் நாள், பெல்ஜியத்திலுள்ள கூகிள் நிலையத்திற்கு மின்சாரம் வழங்கும் அமைப்பில் நான்கு முறை மின்னல் தாக்கியது. மெய்நிகர் வட்டுகளின் மிகச் சிறு பகுதி மீளாது போயிற்று. அத்தகைய நிலையில் வேறிடத்து வைத்த படியே துணை.

சேமிப்பகத்தை இணைக்காதிருக்கும்போதே அதன் வெற்று அடைவினை எழுதவொண்ணாதபடி பூட்டிவைப்பது நல்ல வழக்கம். அவ்வாறாயின், இணைப்பு தவறிய நாளில் புதிய வட்டு அங்கே பிறவாது. பிழைச் செய்தியே பிறக்கும். சேமிப்பகம் இணைந்த பின்னரே மெய்நிகர் யந்திரங்கள் எழுமாறு வரிசையை அமைப்பதும், அமைப்பினை மாற்றிய அன்றே, அலுவல் இல்லாத வேளையில், ஒருமுறை மீண்டும் துவக்கிப் பார்ப்பதும் வேண்டும்.