பாவம் தீர்க்கப் புறப்பட்ட படை

துருக்கியரிடம் ஆசியா மைனரை இழந்துவிட்ட பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியஸ், 1095இல் மேற்கு ஐரோப்பாவிடம் கேட்டது படை உதவிதான். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று, பிரான்சின் கிளெர்மோன் நகரில் திருத்தந்தை இரண்டாம் அர்பன் அந்தக் கோரிக்கையை, முஸ்லிம்கள் வசமிருந்த எருசலேமை மீட்கும் திருப்பயணமாக மாற்றினார். முதல் சிலுவைப் போர் அப்படித்தான் தொடங்கியது.

எருசலேம் என்ற பெயர் ஏன் அத்தனை பேரைக் கிளப்பியது? இயேசு அடக்கம் செய்யப்பட்ட திருக்கல்லறை அங்கே இருந்தது ஒரு காரணம். அதைவிட ஆழமானது பாவத்தைப் பற்றிய அச்சம். அன்றைய நம்பிக்கைப்படி, குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டால் மட்டும் போதாது. நோன்பு, தானம், நெடும்பயணம் என்று பரிகாரமும் செய்தாக வேண்டும். வாளே தொழிலாகக் கொண்டவருக்கு இந்தக் கடன் அடையவே அடையாது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன் வீரர்கள்மீதே, கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டுப் பரிகாரம் விதித்தது திருச்சபை.

கிளெர்மோனில் அர்பன் கூட்டிய திருச்சபைச் சங்கத்தின் ஆணை இந்த நிலையைப் புரட்டிப் போட்டது. புகழுக்கோ பணத்துக்கோ அல்லாமல் பக்திக்காக மட்டும் எருசலேமை மீட்கச் செல்பவருக்கு, அந்தப் பயணமே பரிகாரம் அனைத்துக்கும் ஈடாகும் என்றது அது. அதுவரை மடத்தில் சேர்ந்து துறவியானால்தான் கரையேறலாம் என்று நம்பிய வீரருக்கு, கவசத்தைக் கழற்றாமலே கரையேற வழி கிடைத்தது. தோளில் துணிச் சிலுவையைத் தைத்துக்கொண்டு, திருப்பயணிகளைப் போல நேர்ந்துகொண்டு அவர்கள் கிளம்பினார்கள்.

மண்ணாசையே உண்மைக் காரணம் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. அந்தியோக்கியா நகரைத் தனக்கெனப் பிடித்துக்கொண்ட படைத்தலைவர் போஹிமண்டுக்கு அது பொருந்தும். ஆனால் பலர் இருந்த சொத்தையும் மடங்களில் அடகு வைத்தே வழிச்செலவு திரட்டினார்கள். நார்மண்டிக் கோமகன் ராபர்ட் தன் நாட்டையே தம்பியிடம் 10,000 மார்க் வெள்ளிக்கு அடகு வைத்தார். லாபம் தேடிப் போகிறவர் செய்கிற காரியமல்ல இது.

இந்தப் பக்தி உண்மையானது என்பதாலேயே அதன் கொடுமை நெஞ்சை அதிர வைக்கிறது. கிறிஸ்துவின் பகைவர் தொலைவில் மட்டுமா இருக்கிறார்கள் என்று கேட்ட கும்பல்கள், 1096இல் ரைன் நதிக்கரையின் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தன. அந்தக் கும்பல்களைத் தடுக்க முயன்ற ஆயர்களாலும் முடியவில்லை.

1099 ஜூலை 8 அன்று, படையினர் நோன்பிருந்து வெறுங்காலுடன் எருசலேம் மதிலைச் சுற்றிப் பவனி வந்தார்கள். ஒரு வாரம் கழித்து, 15ஆம் தேதி நகருக்குள் புகுந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். அதன்பின் திருக்கல்லறைக் கோயிலுக்குச் சென்று ஆனந்தக் கண்ணீருடன் தொழுதார்கள்.

நேர்த்திக்கடன் அங்கே முடிந்தது. உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோர், வென்ற மண்ணில் தங்காமல் ஊர் திரும்பினார்கள். எருசலேமின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற படைத்தலைவர் காட்ஃப்ரி, அரசர் என்ற பட்டத்தை ஏற்கவில்லை. அவரிடம் எஞ்சியது சில நூறு குதிரைவீரர்கள்.