கோதுமை ஒவ்வாதோரும் மேற்பூச்சுப் பொருள்களும்

சீலியாக் நோயுற்ற தம் மகளுக்குக் கோதுமையை அறவே விலக்கியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லையென ஒரு தாயார் கிராமசபைக் கூட்டத்தில் நம்மிடம் முறையிட்டார். "முகத்தில் பூசும் களிம்பிலும் கோதுமை உண்டாமே, ஐயா?" என்றும் வினவினார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்பதால் சிறுகுடலின் உட்சுவர் சிதைவதே இந்நோய். நெல், கேழ்வரகு, கம்பு, தினை ஆகியவற்றில் அது இல்லை. தோலில் பூசுவதால் குளூட்டன் குடலைச் சென்றடைவதில்லை. ஆகவே குளியல் சோப்பைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. (கோதுமை ஒவ்வாமை வேறு நோய். கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பால் ஜப்பானில் பலர் அதற்கு ஆளாகவே, 2011இல் அச்சோப்பு திரும்பப் பெறப்பட்டது.)

வாய்க்குள் செல்லக்கூடியவற்றையே ஆராய்தல் வேண்டும். உதட்டுக் களிம்பு, உதட்டுச் சாயம், பற்பசை ஆகியவை முதன்மையானவை. கைக்களிம்பும் அவ்வாறே, நாமோ கையால் உண்பவர்கள், குழந்தைகளோ விரல் சப்புபவர்கள். உறையில் 'டிரிட்டிக்கம் வல்கேர்' என்றிருப்பின் கோதுமை. 'ஹார்டியம் வல்கேர்' பார்லி. 'சீக்கேல் சீரியேல்' ரை. எழுத்து மிகப் பொடியாயிருக்கும். பள்ளி ஆசிரியரைக் கொண்டு படிக்கச் செய்யலாம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்னும் குளூட்டன் வரம்பு உணவுப்பொருளுக்கு உரியது, பூச்சுப்பொருளுக்கன்று. பயற்றம்மாவை வீட்டிலேயே அரைத்துக்கொள்வது நலம். கோதுமை அரைத்த இயந்திரத்தில் அதன் மாவு தங்கியிருக்கும்.

அத்தாயாரின் களிம்பில் இவற்றுள் எதுவும் இல்லை. அடுக்களையிலிருந்த கூட்டுப் பெருங்காயத்தின் உறையில்தான் கோதுமை மாவு எனக் கண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, உறையுடன் மருத்துவரைக் காணுமாறு கூறியனுப்பினோம்.