சர்க்கரையும் சாப்பாடும் – 9: அரிசியை விட்டால் மட்டும் போதுமா?

ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று பரிசோதனைச் சீட்டு வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதல் மாற்றம், ராத்திரிச் சோறு நின்று சப்பாத்தி வருவதுதான். சில ஆண்டுகளாக ராகிக் கஞ்சியும் தினை உப்புமாவும் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அரிசியை நிறுத்தினால் சர்க்கரை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனை அல்ல. 21 நாடுகளில் சுமார் 1,32,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளியானது. தினமும் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல் என்றது அது. தெற்காசியாவில் மட்டும் இந்த வித்தியாசம் 61 சதவீதம். ஆக, நிறையச் சோறு ஆபத்துதான். ஆனால் அதிலிருந்து, கோதுமையும் சிறுதானியமும் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று முடிவுகட்டுவது தவறு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67. நான்கு சப்பாத்திக்கு 120 கிராம் மாவு பிசைந்தால், நூறு கிராம் அரிசியை வடித்த சோற்றில் உள்ள அதே மாவுச்சத்து வயிற்றுக்குள் போய்விடுகிறது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா என்றால் இன்னும் கூடும். கேழ்வரகும் அப்படித்தான். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிவிட்டால், அதன் மாவுச்சத்தைக் குடல் வேகமாகக் குளுக்கோஸாக்கிவிடும். முழுதானியம் என்ற பெயரால் கிடைத்திருக்க வேண்டிய நன்மையில் பெரும்பகுதி அரவையிலேயே போய்விடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடத்திய உணவுக் கணக்கெடுப்பும் 2025இல் இதையே சொன்னது. இந்தியர்கள் பெறும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தவர்களிடம் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால்தான் குறைந்திருந்தது.

எனவே நாம் கேட்க வேண்டியது எந்தத் தானியம் என்பதை அல்ல. எவ்வளவு தானியம், எதோடு, எதற்குப் பிறகு என்பதை. நம் தட்டில் சோறு மலையாகவும் பொரியலும் கூட்டும் ஓரமாக ஒரு கரண்டியாகவும் இருக்கின்றன. முதல் கவளமே சோறு. அந்த மாவுச்சத்து இரைப்பையிலிருந்து விரைந்து குடலுக்கு இறங்குகிறது. ஏற்கெனவே களைத்த கணையத்தால் அந்த வேகத்துக்கு இன்சுலின் சுரக்க முடிவதில்லை. காய்கறியின் நார்ச்சத்தும் பருப்பு, முட்டை, மீனின் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோன்களும் கூடுதலாகச் சுரக்கின்றன. 2015இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வில், காய்கறியையும் கோழிக்கறியையும் முதலில் கொடுத்து ரொட்டியைப் பிறகு கொடுத்தபோது, ஒரு மணி நேரம் கழித்து இருந்த சர்க்கரை 37 சதவீதம் குறைவு. உணவு அதேதான், வரிசைதான் மாறியது. பதினோரு பேரிடம் செய்த ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பது நியாயமே. ஆனால் சோறு சாப்பிடும் ஜப்பானிலும் காய்கறியை முதலில் சாப்பிடப் பழகிய நீரிழிவு நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. செலவில்லாத ஒரு பழக்கத்துக்கு இந்தச் சான்று போதும் என்பது என் கருத்து. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைச் சட்டென்று பாதியாக்கக் கூடாது; சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகம் பாதித்தவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாத்தா மூன்று வேளையும் சோறு தின்று நன்றாகத்தானே இருந்தார் என்பார்கள். அவர் அந்தச் சோற்றை ஏர் பிடித்தும் நாற்றுக்கட்டு சுமந்தும் செலவழித்தார். வேலை செய்யும் தசை இன்சுலினின் துணையில்லாமலும் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. சாப்பிட்டபின் பதினைந்து நிமிட நடை அதை ஓரளவு திறந்துவிடும்.

பணம் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சோறு வயிறு நிறைக்கிற விலைக்குப் பருப்பும் முட்டையும் நிறைக்காது. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மானிய விலைத் துவரம்பருப்பு ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். பசியை ஒழித்ததில் அந்த அரிசிக்குள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எட்டு கிராம் பருப்பை வைத்துக்கொண்டு சோற்றைக் குறை என்று ஏழைக்குச் சொல்ல நமக்கு உரிமையில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை கொடுக்கும் அதே அரசு, அட்டைக்குக் கொடுக்கும் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும். கொண்டைக்கடலையையும் பச்சைப்பயற்றையும் அதோடு சேர்க்க வேண்டும்.

(தொடரும்)